ஏ.டி.பி. இறங்கும் வாய்

விருதுநகர்க் கல்லூரியில் உயிர்வேதியியல் படித்த மாரிச்செல்வி, கண்காட்சிக்காக ஒரு புரதத்தின் மாதிரி செய்தாள். செல்லுக்கு எரிபொருளான ஏ.டி.பி.யைப் பிடித்துக்கொள்ளும் பகுதி அது. நடுவே அட்டைப் பட்டைகள், இருபுறமும் புரதத்தின் சுருள் பகுதிகளுக்குப் பதில் காகிதக் குழாய்கள். குழாய்களை அம்மா சண்முகத்தாய் உருட்டிக் கொடுத்தாள். தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் அவள் நாளெல்லாம் செய்வதும் அதுதான்: வெடிமருந்துக்குக் குழாய் உருட்டி, அடிப்பக்கத்தைத் தாளால் அடைப்பது. ஒரு பட்டைக்கும் குழாய்க்கும் இடையே மட்டும் மாரிச்செல்வி வளைவாக ஒரு வாய் விட்டிருந்தாள். ஏ.டி.பி.யின் மூன்று பாஸ்பேட்டுகளும் அதற்குள்தான் போய் உட்கார வேண்டும்.

மறுநாள் கண்காட்சியில் மாதிரியைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்து, பாசிமணி கோத்த ஏ.டி.பி.யைச் செருகப் போனபோது வாயைக் காணோம். பழுப்புத் தாளை மடித்து, பசை தடவி, நகத்தால் நீவி அடைத்திருந்தது. அம்மாவின் கைவேலை. பிரித்தால் குழாயும் சேர்ந்து கிழியும்.

"ஏ.டி.பி. எங்கம்மா உட்காரும்?" என்றார் பேராசிரியர்.

"உட்காராது சார். வாய் அடைபட்ட புரதம் இது. வேலை செய்யாது."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார்.

சாயங்காலம் சண்முகத்தாய் பசை காய்ந்த கையோடு வேலையிலிருந்து வந்தாள்.

"ஓட்டை தெரிஞ்சுச்சு, நாந்தான் அடைச்சேன். அப்படியே விட்டா பஸ்ஸுலயே நீ உள்ள போடுற மருந்தெல்லாம் கொட்டிருக்கும்ல. ஏதும் கொட்டுச்சா?"

"ஒரு பொட்டுக்கூடக் கொட்டலம்மா," என்றாள் மாரிச்செல்வி.

அதில் பொய் ஒன்றுமில்லை. உள்ளே போனால்தானே கொட்டும்.