தலைமாட்டில் ஒரு மகன்

புதன்கிழமை காலை ஏழு மணி. தருவைகுளம் கரையில் ஒரு படகுகூட அசையவில்லை. ஹில்டா வாசலில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஊரில் ஒரு சாவு விழுந்துவிட்டால் அடக்கம் முடியும்வரை யாரும் கடலுக்குப் போவதில்லை. நேற்று விடியற்காலையில் மெட்டில்டா மாமி இறந்துபோனாள். மஸ்கட்டில் இருக்கும் மகள் வந்து முகம் பார்த்த பிறகே எடுக்க வேண்டும் என்பதால், அடக்கம் இன்று மாலை நான்கு மணிக்கு. அதுவரை நங்கூரம் எடுக்க ஆளில்லை.

எடுத்தது ஒரே ஒரு படகு. ஹில்டாவின் புருஷன் ஜோன்ஸின் படகு.

"மரியான் அம்மைக்காக என் போட்டு நிக்கணுமாக்கும்!" என்று நேற்றுக் காலை துக்க மணி ஓயும் முன்பே ஜோன்ஸ் சொன்னார். உள்ளூர் ஆட்கள் ஏற மறுத்தார்கள். மகன் கிளாட்வினையும் இரண்டு வெளியூர் ஆட்களையும் ஏற்றி அனுப்பினார். ஹில்டாவும் தடுக்காமல் வாசல்வரை வந்து வழியனுப்பினாள். சாயங்காலம் வாடைக் காற்று பிடித்தது. நான்கரைக்கு வயர்லெஸ்ஸில் கிளாட்வினின் குரல் வந்தது. "எப்பா, இன்ஜின் ரூம்ல தண்ணி ஏறுது." அவ்வளவுதான். பிறகு வெறும் இரைச்சல்.

அந்தப் படகுக்கு ஊர் வழக்கப்படி மாதா பெயரோ புனிதர் பெயரோ வைக்காமல் தன் பெயரையே பெரிதாக எழுதியிருந்தார் ஜோன்ஸ். படகை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பங்குச் சாமியார், விளைச்சல் கூடியதும் களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த அன்று ராத்திரியே கடவுள் உயிரைக் கேட்ட பைபிள் பணக்காரனைப் பற்றிப் பேசினார். "சாமி நம்மளத்தான் குத்துதாரு" என்று ஜோன்ஸ் சிரித்தார். ஹில்டாவும் சிரித்தாள். நேற்று ராத்திரி முழுக்க அந்தக் கதைதான் அவளுக்குள் ஓடியது. கதையில் அந்தப் பணக்காரனின் உயிரைத்தானே கடவுள் கேட்டார்? அவன் பிள்ளையின் உயிரைக் கேட்கவில்லையே?

வீட்டுக்குள் ஜோன்ஸ் போனை மேசையில் எறிந்தார். "துறைமுகத்துலேர்ந்து கோஸ்ட் கார்டு கப்பல் கிளம்பிட்டாம். அவங்க எங்கன போய்த் தேடுவாங்க? காத்து எந்தப் பக்கம் இழுத்ததோ! நம்ம ஊரு போட்டுவ நாலு போனா கண்டுபிடிச்சிருவோம். இவனுவகிட்ட மூணு மடங்கு தாரேன்னுட்டேன். ஒருத்தன் அசையணுமே!"

"காசுக்கு வரமாட்டாங்க. மரியான் அண்ணங்கிட்ட கேளுங்க."

"அவன் வாசல்ல போய் நான் நிக்கவா?"

மரியான் மெட்டில்டாவின் மகன். ஒரே வள்ளத்தில் ஜோன்ஸோடு பத்து வருடம் தொழில் செய்தவர். தாயில்லாத ஜோன்ஸுக்கு அந்தப் பத்து வருடமும் மெட்டில்டா வீட்டில்தான் சோறு. விசைப்படகு வாங்கிய பிறகு ஜோன்ஸுக்கு அந்தத் தெரு மறந்துபோயிற்று.

ஹில்டா புருஷனின் முகத்தைப் பார்த்தாள். அவரும் பயந்துதான் இருந்தார். பயத்தை மறைக்கத்தான் இத்தனை சத்தம். செருப்பைக்கூடப் போடாமல் தெருவில் இறங்கினாள்.

மரியான் வீட்டுக்குள் அவள் நுழைந்ததும் அழுகை நின்றது. கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் மெட்டில்டா; விரல்களில் ஜெபமாலை. தலைமாட்டில் மரியான். சுற்றிலும் பெண்கள். ஒருத்தியும் கட்டிப்பிடிக்க எழவில்லை. மரியானின் மனைவி ரீனாதான் முதலில் பேசினாள்.

"வாங்க முதலாளியம்மா. இப்பதான் வழி தெரிஞ்சுதோ?"

ஹில்டா பெட்டியின் அருகே மண்டியிட்டாள். பிணத்தின் முன்னால் இதைக் கேட்டால் மாமி சபித்துவிடுவாளோ? கேட்காமல் போனாலோ?

"அண்ணே, என் பிள்ளைய தேட ஆளில்ல. போட்ட எடுக்கச் சொல்லுங்கண்ணே."

மூலையில் இருந்த பெரியவர் பொன்னுதுரை கனைத்தார். "நல்லா இருக்கே! மதிக்காமப் போனவனுக்கு, மண்ணு விழுறதுக்கு முந்தி ஊரே போகணுமாக்கும்?"

மரியான் தாயின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என் வீட்டுச் சாவு, பெரியப்பா" என்றார் கடைசியில். "நான் சொல்லுதேன். அஞ்சு போட்டு எடுங்க. வாடையில நீரோட்டம் எங்கன இழுக்கும்னு எனக்குத்தான் தெரியும். நானும் வாரேன்."

ரீனா பதறி எழுந்தாள். "தலைமாட்டுல மவன் இருக்க வேண்டாமா?"

"ஜோன்ஸ வரச் சொல்லு. அவனும் இவ கைச்சோறு தின்னவன்தான்."

ஹில்டா வீட்டுக்கு ஓடினாள். 'வரமாட்டேன்' என்று இந்த மனுஷன் சொல்லிவிட்டால்? சொன்னதைக் கேட்டு ஜோன்ஸ் கழுத்திலிருந்த தங்கச் சங்கிலியைக் கழற்றி அவள் கையில் வைத்துவிட்டு நடந்தார்.

மாமியின் தலைமாட்டில் தரையில் உட்கார்ந்தார். துக்கம் கேட்க வந்தவர்கள் அவர் கையைப் பிடிக்கத் தயங்கினார்கள். முதலில் பிடித்தவர் பொன்னுதுரை. "ஒங்க அம்மை போயிட்டாளேலே" என்றார். அதுவரை நிமிர்ந்திருந்த தலை அப்போதுதான் கவிழ்ந்தது. பெட்டியில் நெற்றியை முட்டிக்கொண்டு ஜோன்ஸ் அழுதார். மாமிக்கா, மகனுக்கா என்று ஹில்டாவுக்குத் தெரியவில்லை.

மத்தியானம் மஸ்கட் மகள் வந்து, அண்ணன் இருக்க வேண்டிய இடத்தில் இவரைக் கண்டு திகைத்து, அப்படியே இவர் தோளில் விழுந்து கதறினாள். மணி இரண்டாயிற்று. இரண்டரை. பக்கத்தில் யார் போன் அடித்தாலும் ஹில்டாவுக்கு உயிர் போய் வந்தது. மூன்று மணிக்குச் சாமியார் வந்தார். வாசலில் சவப்பெட்டியை இறக்கினார்கள்.

ஜோன்ஸின் போன் அடித்தது. எடுக்க அவருக்குக் கை வரவில்லை. ரீனா வாங்கி ஒலிபெருக்கியில் போட்டாள்.

"ஜோன்ஸ்..." காற்றுச் சத்தத்தில் மரியானின் குரல். "போட்டு போச்சுலே. மொத்தமா முங்கிட்டு."

ஹில்டா கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

"பய இருக்கான். மூணு பேரும் மீன் பெட்டிய புடிச்சுக்கிட்டு மிதந்தானுவ. கரை தெரியுது. வந்துருதோம். அம்மைய மூடிராதீங்க."

அப்போதும் அவளால் நம்ப முடியவில்லை. நாலரைக்குத்தான் மரியானின் பின்னால் கிளாட்வின் தெருவில் வந்தான்; உதடெல்லாம் உப்பு, உடம்பில் யாருடைய சட்டையோ. வாசலில் நின்றுவிட்டான். உள்ளே வரப் பயந்தான்.

ஜோன்ஸ் எழுந்து தலைமாட்டை மரியானுக்கு விட்டார். படகைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மரியானின் ஈரக் கையை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டார்.

ரீனா வாசலைப் பார்த்தாள். "ஏலே, அங்கன என்ன நிக்க? உள்ள வந்து ஆச்சிய பாரு."

ஹில்டா நகர்ந்து மகனுக்கு இடம் விட்டாள். அவன் தோள் தன் தோளில் உரசிய பிறகுதான், நேற்றிலிருந்து வராத அழுகை அவளுக்கு வந்தது. ரீனா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.