ஜெபத்தில் சொன்ன பெயர்

க்ளைவ் நோஸ்கியும் நாங்களும் வாலரூ என்கிற கடற்கரை ஊரில் பத்து வருஷம் ஒரே வேலியின் இரண்டு பக்கமும் இருந்தோம். முதல் ஏழு வருஷம், குப்பைத் தொட்டியைத் தெருவுக்கு இழுத்து வரும்போது தலையாட்டிக்கொள்வதோடு சரி. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் போதகர், "பக்கத்து வீட்டுக்காரரை நேசிக்கிறோம் என்கிறோமே, அவர் பெயராவது தெரியுமா?" என்று கேட்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வாரமே ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு போய் அவர் கதவைத் தட்டினேன்.

என் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எந்தச் சபை?" என்றார்.

சொன்னேன்.

"ஸ்கோனை வச்சிட்டுப் போ. சாமியைக் கையோட கூட்டிட்டுப் போயிடு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அது அவருக்குப் பிடித்திருக்க வேண்டும். அடுத்த வாரம் கடல் வற்றிய நேரத்தில் வேலிக்கு மேலே தலை நீட்டி, நண்டு பிடிக்க வருகிறாயா என்று கேட்டார்.

அப்படி இரண்டு கோடை. முழங்கால் தண்ணீரில், மணலிலிருந்து நண்டை வாரியெடுக்கும் நீளக்கம்பு வாரியை இழுத்துக்கொண்டு நடப்போம். ஒன்றும் சிக்காத நாளில், "உங்க ஆண்டவர்தான் வலை கிழியுற அளவுக்கு மீன் கொடுத்தாராமே, ரெண்டு நண்டு கேட்டு வாங்கித் தாயேன்" என்பார். "உன் மூஞ்சியைப் பாத்து நண்டு ஓடுது, அவர் என்ன பண்ணுவார்?" என்பேன். என் கணவர் ரஸலுக்கு முழங்கால் ஆபரேஷன் நடந்தபோது, சொல்லாமலே வந்து எங்கள் புல்லை வெட்டிவிட்டுப் போனார். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு அவரை அழைக்க வேண்டும் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. கடமைக்குப் போனவள் எப்போது சிநேகிதியானேன் என்று தெரியவில்லை.

அவரிடம் கார் கிடையாது. எங்கும் நடைதான். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பிப்ரவரிக் கோடையில் ஒரு நாள், தண்ணீரில் நின்றபடி அவராகவே சொன்னார். "எனக்கு ஒரு பொண்ணு இருந்தா. கிர்ஸ்டி. மூணு வயசு. வாசல்ல வண்டியைப் பின்னால எடுத்தேன். பின்னாடி நின்னுக்கிட்டிருந்திருக்கா. பாக்கல."

வாரி அசையாமல் நின்றது.

"முப்பத்தாறு வருஷம் ஆச்சு. யார்கிட்டயும் சொன்னதில்ல."

அவருடைய வாளியையும் நானே எடுத்துக்கொண்டேன். கரைவரை சேர்ந்து நடந்தோம்.

அந்தப் பாரத்தை என்னால் தனியாகச் சுமக்க முடியவில்லை. புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் விண்ணப்பங்கள் கேட்டபோது, பக்கத்து வீட்டுக்காரருக்காக ஜெபியுங்கள் என்று மட்டும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஏழு முகங்கள் இரக்கத்தோடு என்னைப் பார்த்தன. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குழந்தையின் பெயரைக்கூட. உண்மையைச் சொல்வதானால், என்னிடம் அவர் சொன்னார் என்கிற சிறு பெருமையும் அந்த அழுகையில் கலந்திருந்தது.

சனிக்கிழமை கறிக்கடையில், எங்கள் கூட்டத்து மேவிஸ் க்ளைவின் கையைப் பிடித்துக்கொண்டு, "கிர்ஸ்டிக்காக நாங்க எல்லாரும் ஜெபிக்கிறோம்" என்றிருக்கிறாள். கள்ளம் இல்லாத மனுஷி. அவர் வாங்கியதை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிட்டார்.

வேலிக்கு வந்தார். கத்தவில்லை.

"நான் உன்கிட்டதானே சொன்னேன், லோர்னா."

"க்ளைவ், ஜெபம் பண்ணத்தான்..."

"அவ அம்மா என்னை விட்டுப் போனப்புறம், அந்தப் பேரை இன்னொருத்தர் வாயால நான் கேட்டதே இல்ல. கறிக்கடையில கேட்டேன். வரிசையில நின்னவங்க எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நான் உனக்கு யாரு? சிநேகிதனா, இல்ல புதன்கிழமைக்குச் சொல்ல ஒரு சேதியா?"

வேலியை விட்டு ஓரடி பின்னால் போனார்.

"இனிமே வராதே."

இரண்டு கடிதம் எழுதினேன். பிரிக்காமலே எங்கள் தபால் பெட்டிக்குத் திரும்பி வந்தன. மேவிஸ் அவர் வீட்டு கேட்டில் நின்று அழுதாள். கதவு திறக்கவில்லை.

ஜூலைக் குளிரில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் சமையலறை ஜன்னல் திரை மேலே ஏறவில்லை. தினமும் காலை ஆறு மணிக்கு ஏற்றிவிடுவார். "போய்த் தட்டிப் பாரேன்" என்றார் ரஸல்.

"வராதேன்னு சொல்லிட்டாரே."

புதன்கிழமையும் ஏறவில்லை. கேட் வரை போனேன். அவர் கதவைத் திறந்து என்னைப் பார்க்கப்போகும் பார்வையை நினைத்தேன். திரும்பி வந்துவிட்டேன். வியாழன் காலை ரஸல் ஆபரேஷன் செய்த அந்தக் காலோடு வேலியேறிக் குதித்து, பின்கதவை உடைத்தார். க்ளைவ் தரையில் கிடந்தார். பக்கவாதம். உயிர் இருந்தது. அந்தக் குளிரில், சிமெண்டுத் தரையில், இரண்டு நாள்.

பேச்சு போய்விட்டது, வலது பக்கமும் போய்விட்டது. வாராவாரம் பஸ் பிடித்து அடிலெய்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். முதல் நாள் என்னைப் பார்த்ததும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். நான் உட்கார்ந்திருந்தேன். வேதாகமம் கொண்டுபோகவில்லை, வாய்விட்டு ஜெபிக்கவும் இல்லை.

"சொந்தமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"பக்கத்து வீடு."

நாலாவது வாரம் கஸ்டர்டை என் கையால் மூன்று ஸ்பூன் சாப்பிட்டார். பசியா, மன்னிப்பா, தெரியாது. அன்றுதான் சொன்னேன். "க்ளைவ், திரை ஏறலைன்னு நான் பாத்தேன். ரெண்டு நாளும் பாத்தேன். வரல."

நெடுநேரம் என்னையே பார்த்தார். வலது கண்ணிலிருந்து நீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். "அந்தக் கண்ணுல தானாவே தண்ணி வருதும்மா, பக்கவாதம் வந்ததிலிருந்து அப்படித்தான்" என்றாள் நர்ஸ்.

செப்டம்பரில் இறந்தார். அடக்கத்தில் ஜெபமோ பாட்டோ கூடாது என்று முன்பே எழுதி வைத்திருந்தார். எட்டுப் பேர் குழியைச் சுற்றி நின்றோம். காற்று பலமாக அடித்தது. என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சற்று நேரம் பொறுத்து ரஸல் என் தோளைத் தொட்டார். காருக்கு நடந்தோம்.