மேஜர் கண்ணயர்ந்த மத்தியானம்

வார்டில் எல்லோரும் அவளை 'மேஜர்' என்றுதான் சொன்னார்கள். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர், போகப்போக முகத்துக்கு நேராகவும் வந்துவிட்டது. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. இருபத்தாறு வருஷ நர்ஸ் வேலையில் ஊசி போட நரம்பு கிடைக்கவில்லை என்று அவள் கையை எடுத்ததே கிடையாது. "மேஜர் கை வெச்சாப் போதும், நரம்பு தானா எழுந்து சல்யூட் அடிக்கும்" என்று வார்டு ஆயா சொல்லிச் சிரிப்பாள்.

அவள் பக்தியிலும் அதே ஒழுங்கு இருந்தது. காலை ஐந்து மணிக்கு எழுந்து, வேதம் வாசித்து, பத்து நிமிஷம் ஜெபம் பண்ணாமல் பல்லில் காபி படாது. ஞாயிறு டூட்டி விழுந்தால் சனிக்கிழமை கூட்டத்துக்காவது போய்விடுவாள். ஆனால் ஆண்டவரிடம் அவள் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. செய்ய வேண்டியதை எல்லாம் அவளே செய்துவிடுவாள். செய்ததை அவரிடம் சொல்வாள்.

அம்மா இறந்தபோது அவளுக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பதினேழு. அக்காதான் தலை பின்னிவிட்டாள், நர்சிங் படிக்க வைத்தாள், தங்கை சம்பாதிக்க ஆரம்பித்த பிறகே கல்யாணத்துக்குச் சம்மதித்தாள். அத்தான் ஒரு பெயிண்ட் கடையில் கலர் கலக்குகிறவர். கேட்ட நிறத்தைக் கேட்டபடி கொண்டுவந்துவிடுவார். வீட்டில் ஒரு டம்ளரைக் கையில் கொடுத்தால் பாதி தரையில்தான் இருக்கும். குழந்தை இல்லை. மேஜருக்குக் கல்யாணமே இல்லை. மூன்று பேருக்கும் மூன்று பேர்தான்.

அக்காவுக்குக் கணையத்தில் கட்டி என்று தெரிந்தபோது அது கல்லீரலுக்கும் போயிருந்தது. டாக்டர் மேஜரிடம் சுற்றி வளைக்கவில்லை. "உங்களுக்கு நான் சொல்லணுமா சிஸ்டர்? ரெண்டு மாசம். மிஞ்சினா மூணு."

அவள் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். அன்றே சம்பளமில்லா விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். இரண்டு மாசம் என்பதெல்லாம் மற்ற நோயாளிகளுக்கு என்று அவள் மனதின் ஒரு மூலை சொல்லிக்கொண்டிருந்தது. தான் ஒரு தப்பும் செய்யாமல் பார்த்துக்கொண்டால் அக்கா சாக மாட்டாள். வாயைத் திறந்து இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் எவ்வளவு பைத்தியக்காரத்தனம் என்று அவள் காதுக்கே கேட்டிருக்கும்.

படுக்கையறை இரண்டே நாளில் வார்டாகிவிட்டது. கட்டில் சன்னல் பக்கம் நகர்ந்தது. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை வலி மருந்து, குடித்த தண்ணீர் எவ்வளவு, போன சிறுநீர் எவ்வளவு என்று சுவரில் ஒட்டிய தாளில் நீல மையால் கட்டம் போட்டு எழுதினாள்.

மூன்றாம் நாள் அத்தான் சூப் ஊட்ட வந்தார். கை நடுங்கியதா, ஸ்பூன் பெரிதா தெரியவில்லை. அக்காவுக்குப் புரையேறி முகம் சிவந்துவிட்டது. மேஜர் ஓடி வந்து நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினாள். மூச்சு சீரான பிறகு அத்தானைக் கதவுக்கு வெளியே கூட்டிப்போனாள்.

"அத்தான், தப்பா நெனைக்காதீங்க. நீங்க கடைக்குப் போங்க. இந்த ரூமுக்குள்ள நீங்க வராம இருந்தாலே எனக்குப் பெரிய உதவி."

அவர் சட்டையில் கொட்டியிருந்த சூப்பைத் துடைத்துக்கொண்டே, "சரிம்மா" என்றார்.

அதற்குப் பிறகு அவர் காலையில் கடைக்குப் போவார், மத்தியானம் சாப்பிட வருவார், சாயங்காலம் திரும்புவார். ஒவ்வொரு தடவையும் நிலைப்படியில் வந்து நிற்பார். அக்கா அங்கிருந்து சிரிப்பாள். "கிருமி தொத்திக்கும் அத்தான், பெயிண்ட் வாடை வேற" என்று மேஜர் சொல்வாள். அவர் போய் ஹாலில் உட்கார்ந்துகொள்வார். இரண்டு கால்களையும் சேர்த்து வைத்து, டாக்டரைப் பார்க்க வந்தவர் மாதிரி உட்காருவார். அது அவர் வீடு.

சபையிலிருந்து பாஸ்டரம்மாவும் இன்னும் இரண்டு பெண்களும் வந்தார்கள். "நாங்க முறை போட்டு உக்காந்துக்கிறோம். நீ ஒரு நாலு மணி நேரமாவது படுத்து எழுந்திரு" என்றார் பாஸ்டரம்மா.

"ஜெபம் பண்ணிக்குங்க, அது போதும்" என்று மேஜர் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தாள்.

அக்காவுக்குக் காது நன்றாகத்தான் கேட்டது. "ஏய் மேஜர், இங்க வா" என்றாள். குரல் அப்போதே பாதியாகியிருந்தது. "காலையில நீ ஜெபம் பண்றத தினமும் கேக்குறேன். மருந்து குடுத்தாச்சு, புண்ணு இல்ல, ஜுரம் இல்ல. ஷிப்ட் மாறும்போது ரிப்போர்ட் குடுப்பியே, அது மாதிரியே இருக்கு."

"இருந்துட்டுப் போகட்டும்."

"ரிப்போர்ட் குடுத்துட்டு டூட்டிய ஒப்படைக்கணும்டி. நீ ஒப்படைக்கவே மாட்டேங்குற."

மேஜர் போர்வையின் மடிப்பைச் சரிசெய்தாள்.

"உங்க அத்தான உள்ள விடேன். பக்கத்துல உக்காந்து ரொம்ப நாளாச்சு."

"நாளைக்குப் பாக்கலாங்க்கா. இன்னிக்கு உனக்கு மூச்சு கொஞ்சம் சரியில்ல."

மறுநாளும் அதையேதான் சொன்னாள். நிறைய நாளைக்குகள் போயின.

ஆறாவது வாரம் அக்கா சாப்பாட்டை நிறுத்திவிட்டாள். அதன் அர்த்தம் மேஜருக்குத் தெரியும். எத்தனை குடும்பங்களுக்கு அவளே விளக்கியிருக்கிறாள். ஆனாலும் சொட்டுச் சொட்டாக ஊட்டப் பார்த்தாள். தாளில் கட்டங்கள் காலியாகக் கிடந்தது அவளுக்குப் பொறுக்கவில்லை. மூன்று நாளாக நாற்காலியை விட்டு எழவில்லை, கண்ணை மூடவில்லை. அந்த மத்தியானம் இரண்டு மணி மருந்தைக் கொடுத்தாள், எழுதினாள், பேனாவை மூடினாள். அவ்வளவுதான் ஞாபகம்.

விழித்தபோது மணி நாலே முக்கால். கழுத்துக்குக் கீழே ஒரு தலையணை இருந்தது. யாரோ அவள்மேல் போர்வை போர்த்தியிருந்தார்கள். அத்தான் கட்டில் ஓரத்தில், அக்காவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. இருந்தும் எழுந்து போய் நாடி பார்த்தாள். கழுத்தில் பார்த்தாள். மறுபடி மணிக்கட்டில் பார்த்தாள். நரம்பைத் தப்பவிடாத விரல்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

"எப்போ?"

"நாலு மணி இருக்கும்."

"முக்கால் மணி நேரமா! ஏன் என்னை எழுப்பல? பக்கத்துலதானே இருந்தேன், ஒரு தட்டுத் தட்டியிருந்தா எழுந்திருப்பேனே! உங்களுக்கு என்ன தெரியும்? மூச்சு மாறினதும் தலைய உயர்த்தணும், வாய சுத்தம் பண்ணணும், எனக்குத் தெரியும், எனக்குத்தான் தெரியும்…"

கத்தினாள். தெருவில் போன யாரோ நின்று சன்னலைப் பார்த்தார்கள். அத்தான் அவள் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"எழுப்பப் போனேன்மா. அவதான் வேணாம்னா. தூங்கட்டும், கொழந்த களைச்சுப் போயிருக்குன்னா. உனக்குத் தலகாணி வெக்கச் சொன்னதும் அவதான்."

மேஜர் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவர் மெதுவாகச் சொன்னார். சாப்பிட வந்தபோது நிலைப்படியில் நின்றாராம். அக்கா கண்ணால் கூப்பிட்டாளாம். தண்ணீர் கேட்டாள், ஸ்பூனில் கொடுத்ததில் பாதி தலையணையில்தான் போயிற்று. "மாறவே மாட்டீங்க" என்று சிரித்தாளாம். கல்யாணமான புதிதில் மழையில் மாட்டிக்கொண்ட கதையைச் சொல்லச் சொன்னாளாம். சொன்னார். பிறகு ஜெபம் பண்ணச் சொன்னாளாம்.

"எனக்கு ஜெபம் பண்ண எங்க வரும்? ஆண்டவரே, எங்களுக்கு ஒண்ணும் தெரியல, நீங்க பாத்துக்குங்கன்னேன். ஆமென்னு சொன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் மூச்சு இருந்துச்சு. அப்புறம் இல்ல."

அடக்கம் மறுநாள் நடந்தது. மேஜர் அழவில்லை, நாற்காலிகள் போதுமா என்று பார்த்தாள். ஏழாம் நாள் தன் வீட்டுக்குத் திரும்பினாள். காலை ஐந்து மணிக்கு எழுந்தாள், வேதத்தைத் திறந்தாள், எழுத்துகள் ஓடின. பத்து நிமிஷமும் சும்மா உட்கார்ந்திருந்தாள். சொல்வதற்கு அவளிடம் ரிப்போர்ட் இல்லை. 'தூங்கிவிட்டேன்' என்ற ஒன்றுதான் இருந்தது. அதைச் சொல்ல வாய் வரவில்லை. இரண்டரை மணிக்குத் தலையை உயர்த்தியிருந்தால், மூன்று மணிக்குப் புரட்டியிருந்தால் என்று மனது திரும்பத் திரும்பக் கணக்குப் போட்டது. ஒவ்வொரு கணக்கிலும் அக்கா உயிரோடு இருந்தாள்.

வேலைக்குத் திரும்பிய இரண்டாம் வாரம், நாலாம் படுக்கையில் ஒரு தையற்காரிக்கு டிரிப் ஏற்ற வேண்டியிருந்தது. மேஜர் ஊசி ஏற்றினாள். தவறியது. இன்னொரு கையில் பார்த்தாள். அதுவும் தவறியது. மூன்றாம் தடவை ஊசியை எடுத்தபோது விரல்கள் நடுங்குவதை அவளே பார்த்தாள். தையற்காரி, "பரவால்ல சிஸ்டர், எனக்கும் சில நாள் ஊசியில நூல் ஏறாது" என்றாள்.

மேஜர் தட்டை வைத்துவிட்டு மருந்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அலமாரியில் நெற்றியை முட்டுக் கொடுத்து நின்றாள். இத்தனை நாளாக அடைத்து வைத்திருந்தது அங்கேதான் உடைந்தது.

"ஆண்டவரே, என்னால முடியல" என்றாள். "நான் தூங்கிட்டேன். அவள என்னால புடிச்சு வெக்க முடியல. எதையும் என்னால புடிச்சு வெக்க முடியல. நீங்க என்னையும் பாத்துக்குங்க."

அதிசயம் ஒன்றும் நடக்கவில்லை. கை நடுக்கம் நிற்கவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்து, எத்தனையோ வருஷமாகத் தன்னிடம் திட்டு வாங்கிக்கொண்டிருந்த குண்டு நர்ஸிடம் போய் நின்றாள்.

"நாலாம் பெட்டுக்கு டிரிப் போடணும். எனக்குக் கை ஓடல. நீ கொஞ்சம் வர்றியா?"

மேஜர் யாரிடம் பேசுகிறாள் என்று குண்டு நர்ஸ் பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கூட வந்தாள்.

அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். அத்தான் கதவைத் திறந்தார். தாடி வளர்ந்திருந்தது. கட்டில் இன்னும் சன்னல் பக்கமே கிடந்தது. அவர் அறைக்குள் போகாமல் ஹாலிலேயே பாய் விரித்துப் படுக்கிறார் என்பது பார்த்ததும் புரிந்தது.

"அத்தான், உங்கள நான் வெளியிலயே நிறுத்திட்டேன்."

"இல்லம்மா" என்று அவர் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் சொல்லவில்லை.

"ஆமாம்மா. கஷ்டமா இருந்துச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, "நிலைப்படியில நிக்கிறப்போ, நாந்தான் அவளுக்கு நோயைக் கொண்டுவந்தவனோன்னுகூட தோணும்" என்றார்.

அவள் அவர் விரித்திருந்த பாயின் ஓரத்தில் உட்கார்ந்தாள். பேசினால் சமாதானம் சொல்வதாகிவிடும்.

"ஆனா அந்த ரெண்டு மணி நேரம் கெடச்சுது" என்றார் அவர். "நீ முழிச்சிருந்தா உள்ள விட்டிருக்க மாட்டே."

மேஜர் தலையைக் குனிந்துகொண்டாள். தினமும் காலையில் தன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்த அந்தத் தூக்கம், இந்த மனிதருக்கும் அக்காவுக்கும் யாரோ ஏற்பாடு செய்து கொடுத்த நேரமாக இருந்திருக்கிறது. அதற்காகச் சந்தோஷப்பட அவளால் முடியவில்லை. அக்காவின் கடைசி வார்த்தைகளில் ஒன்றுகூட அவள் காதில் விழவில்லை. இனி விழப்போவதும் இல்லை. ஆனால் அதை அவரிடமிருந்து திரும்பப் பிடுங்கவும் அவளுக்கு மனம் வரவில்லை.

"நீங்க ஒரு ஜெபம் பண்ணுங்க அத்தான். எனக்கு வரமாட்டேங்குது."

"எனக்கு மட்டும் வருதா? ரெண்டு பேரும் சேந்து பண்ணலாம். நீ ஆரம்பி."

கண்ணை மூடிக்கொண்டாள். "ஆண்டவரே" என்றாள். அதற்கு மேல் போக முடியவில்லை. தோள்கள் குலுங்கின. நெடுநேரம் கழித்து இன்னொரு தடவை "ஆண்டவரே" என்றாள். அதோடு சரி.

அத்தான் இன்னும் ஏதாவது வருமா என்று பொறுத்திருந்து பார்த்தார். பிறகு "ஆமென்" என்று சொல்லிவிட்டு, வீடு இருட்டிக்கொண்டு வந்ததால் விளக்கைப் போட எழுந்தார்.