நாலு வேளைச் சாப்பாட்டுடன் அறை

காசிம் பாய்க்குக் கணக்கு மனசிலேயே ஓடும். தாராவியில் இருந்த அவருடைய பட்டறையில் ஒரு தோலைத் தூக்கிப் பார்த்தாலே போதும், அதில் எத்தனை கைப்பை தேறும், எவ்வளவு வீணாகும் என்று சொல்லிவிடுவார். சொன்னது பெரும்பாலும் சரியாகவும் இருந்துவிடும். அதனால் வந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அந்தக் கர்வத்தைத் தில்லியில் ஓர் ஓட்டல்தான் ஒரு தட்டுத் தட்டி வைத்தது.

அது 1965 ஜனவரி. தில்லிக்கு அவர் போயே ஆகவேண்டியிருந்தது. அங்கே மல்ஹோத்ரா என்ற ஏற்றுமதி வியாபாரி வெளிநாட்டுக்கு அனுப்பத் தோல் பைகள் தேடிக்கொண்டிருந்தார். முந்தின வருஷமும் தேடினார். அப்போது காசிம் பாய் சிக்கனம் பார்த்து, ஒரு சந்துக்குள் காசு வாங்காத முசாபர்கானா என்ற சத்திரத்தில் போய்த் தங்கினார். மல்ஹோத்ராவின் கார் அந்தச் சந்துக்குள் நுழைய முடியாமல் திரும்பியது. ஆர்டரும் அதே காரில் ஏறிப் போய்விட்டது. இந்தத் தடவையும் கைவிட்டுப் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். அங்கே வேலை செய்த எட்டுப் பேரும் அவரை நம்பி ஊரிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் போய் 'வேலை இல்லை' என்று எந்த வாயால் சொல்வது? அதை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவே கார் வந்து நிற்கக்கூடிய ஓட்டலில்தான் தங்குவது என்று முடிவு செய்தார். அவருக்கு இங்கிலீஷில் கடிதம் எழுதிக் கொடுப்பவர் மாட்டுங்கா ஜகந்நாதன். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். ஓட்டலுக்கு அவர் எழுதிக் கேட்டிருந்ததற்கு டிசம்பர் தொடக்கத்திலேயே பதில் வந்துவிட்டது. அதைப் படித்துவிட்டு ஜகந்நாதன் மூக்குக் கண்ணாடியை மேலே தள்ளினார்.

"ரெண்டு ரேட் சொல்றான் பாய். ரூம் மட்டும்னா ஒண்ணு. கார்த்தால டிபன், மத்யானச் சாப்பாடு, சாயங்காலம் டீ, ராத்திரிச் சாப்பாடு எல்லாம் சேர்த்து இன்னொண்ணு. முழுப் பணமும் முன்னாலயே அனுப்பணும், திருப்பித் தரமாட்டானாம். எது வேணும்னு சொல்லுங்கோ, டைப் அடிச்சுடறேன்."

காசிம் பாய் கண்ணை மூடினார். விரல்கள் கொஞ்ச நேரம் ஒன்றையொன்று தொட்டன.

"சாப்பாட்டோட உள்ளதையே போடுங்க சாமி. வெளிய தின்னா இதுல ரெண்டு பங்கு ஆவும். எனக்கா கணக்கு தெரியாது?"

தேதியைப் பார்க்க இருவரும் ஆபீஸ் காலண்டரைத்தான் பார்த்தார்கள். அதில் ஞாயிற்றுக்கிழமைகள் சிவப்பாக இருந்தன. பிறை எங்கும் இல்லை. காசிம் பாயின் வியாபாரம் இங்கிலீஷ் தேதியில் நடந்தது, மார்க்கம் பிறையில் நடந்தது. இரண்டும் ஒரே தலைக்குள் இருந்தாலும் ஒன்றோடொன்று பேச்சுவார்த்தை வைத்துக்கொண்டதில்லை.

பணம் போய்ச் சேர்ந்து ரசீதும் வந்த பிறகுதான் மனைவி மெஹராஜிடம் பெருமையாகச் சொன்னார். அவள் கேட்டுவிட்டு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"நாலு வேளைக்கும் காசு கட்டிட்டியளா? நீங்க போற நேரம் நோம்பு மாசம்லா!"

காசிம் பாய் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அவருடைய முகத்தைப் பார்த்து மெஹராஜுக்கு இரக்கம் வந்தது; ஆனாலும் சிரிப்பு நிற்கவில்லை.

"பிரயாணத்துல நோம்ப விட்டுட்டு, பொறவு களா நோம்பா புடிச்சுக்கிடலாமே?"

"ஓட்டல்காரனுக்குக் காச கட்டிட்டேன், அதனால நோம்ப விட்டேன்னு அல்லாட்ட போயி சொல்லவா? சும்மா கெட!"

தில்லியில் நல்ல குளிர். ஓட்டல் அறை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் பணியாள் கதவைத் தட்டி, "டிபன் தயார், சாகேப்" என்றான். மத்தியானம் தட்டினான். நாலு மணிக்கும் தட்டினான். ஒவ்வொரு தட்டும் காசிம் பாயின் நெஞ்சில் விழுந்தது. பசி அவருக்குப் பழக்கம், வீணாவதுதான் தாங்கவில்லை. மேனேஜரிடம் போய், பகல் சாப்பாட்டையும் சேர்த்து இரவிலேயே கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஓட்டலில் அப்படி வழக்கமில்லை என்று அவர் மரியாதையாகச் சொல்லிவிட்டார். வேறு வழியில்லாமல் காசிம் பாய் இரவுச் சாப்பாட்டில் தன்னால் முடிந்த மட்டும் வசூல் செய்தார். விடியுமுன் உண்ணும் சஹருக்கு ரொட்டியும் வெண்ணெயும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டார். அப்படியும் கணக்கு நேராகவில்லை.

மறுநாள் முற்பகலில் மல்ஹோத்ரா வந்தார். பருத்த, கலகலப்பான மனிதர். கட்டிலில் வரிசையாக வைத்திருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து, தையலை நகத்தால் நெருடிப் பார்த்தார். அறையையும் ஒரு சுற்றுப் பார்த்தார்.

"வேலை அருமை. விலைதான் கொஞ்சம்... யோசித்துச் சொல்கிறேன்" என்றார் இந்தியில்.

அந்த 'யோசித்துச் சொல்கிறேன்' எந்த மொழியில் வந்தாலும் காசிம் பாய்க்குப் புரியும். மல்ஹோத்ரா எழுந்துவிட்டார். அந்த நேரம் பார்த்துப் பணியாள் கதவைத் தட்டினான்: மத்தியானச் சாப்பாடு தயார்.

காசிம் பாய் எந்தத் தந்திரமும் நினைக்கவில்லை. ஒரு வேளையாவது வீணாகாமல் போகட்டுமே என்றுதான் நினைத்தார்.

"சேட், போறது போறீங்க, சாப்பிட்டுட்டுப் போங்க."

மல்ஹோத்ரா மறுக்கவில்லை. இருவரும் கீழே சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனார்கள். சூப் வந்தது, கட்லெட் வந்தது, ஆட்டுக்கறி வந்தது. அவர் ரசித்துச் சாப்பிட்டார். காசிம் பாய் எதிரில் உட்கார்ந்து, பிள்ளை சாப்பிடுவதைப் பார்க்கும் தாய் மாதிரி திருப்தியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பாதியில்தான் மல்ஹோத்ரா கவனித்தார்.

"நீங்கள் சாப்பிடவில்லையா?"

"நோன்பு, சேட்."

மல்ஹோத்ரா கரண்டியைக் கீழே வைத்தார். "அப்படியானால் இந்தச் சாப்பாடு?"

"அறை வாடகையில் சேர்ந்தது. நாலு வேளையும் உண்டு."

"நோன்பு மாதத்தில் நாலு வேளைச் சாப்பாட்டோடு அறை எடுத்தீர்களா! எனக்காகவா?"

பொய் தட்டில் வைத்தாற்போல் வந்து நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரிய மனுஷர் ஆகிவிடலாம், ஒருவேளை ஆர்டரும் வந்துவிடும். எட்டுப் பேரின் முகமும் காசிம் பாயின் கண்முன் வந்தது. ஆனால் பட்டினி கிடந்து காத்த நோன்பை ஒரு பொய்யில் தொலைக்க அவருக்கு மனம் வரவில்லை. காதுவரை சூடேற, தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லை சேட். மலிவு என்று எடுத்தேன். நோன்பு மாதம் என்பதை மறந்துபோனேன்."

மல்ஹோத்ரா சிரித்த சிரிப்பில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அறையில் என்ன நினைத்தேன் தெரியுமா? இவ்வளவு பெரிய ஓட்டலில் தங்குகிறவன் அந்தச் செலவையும் பையின் விலையில் ஏற்றி என் தலையில்தான் கட்டுவான் என்று நினைத்தேன். இவ்வளவு மோசமாகக் கணக்குப் போடுகிற ஆளால் என்னை ஏமாற்ற முடியாது, பாய். நீங்கள் சொன்ன விலைக்கே அறுநூறு பை எடுத்துக்கொள்கிறேன்."

'எனக்குக் கணக்கு நன்றாகத் தெரியும்' என்ற பதில் காசிம் பாயின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினார். அதை விழுங்கினால் நோன்பு முறியாது.

பெருநாளைக்கு எட்டுப் பேரும் பட்டறையில் இருப்பார்கள் என்பது அப்புறம்தான் அவருக்கு உறைத்தது. சட்டென்று அழுகை வந்துவிட்டது. மல்ஹோத்ரா பதறிப்போய்த் தண்ணீர்க் கிளாஸை அவர் பக்கம் நகர்த்தினார். நகர்த்திய பிறகு ஞாபகம் வந்து, அசட்டுச் சிரிப்போடு தானே எடுத்துக் குடித்தார்.