தண்ணீர்ப் பிள்ளை

அந்த மஞ்சள் டப்பா நபிந்துவுக்கு முன்னால் சிசுங்கு என்ற பையனிடம் இருந்தது. போன வருஷம் ஆற்றங்கரைச் சண்டையில் ஏழு பேர் செத்தார்கள். தண்ணீர்ப் பிள்ளையை யாரோ தொட்டுவிட்டார்கள், அதனால்தான் மருந்து கெட்டது என்றார் மருந்துக்காரர். சிசுங்குவை ஆற்றுப் பக்கம் கூட்டிப்போனார்கள். டப்பா மட்டும் திரும்பி வந்தது. அதைக் கழுவிப் பதினொரு வயது நபிந்துவிடம் கொடுத்தார்கள்.

வேலை பெரிதாக ஒன்றுமில்லை என்பார்கள். சண்டைக்குக் கிளம்பும் ஆட்கள் வரிசையாக நிற்பார்கள். இலை அரைத்துக் கலந்த தண்ணீரை அவள் ஒவ்வொரு தலையிலும் தெளிக்க வேண்டும். பிறகு அத்தனை பேருக்கும் முன்னால் நடக்க வேண்டும். அந்தத் தண்ணீர் பட்டவன் மேல் பாய்கிற தோட்டா தண்ணீராகிவிடுமாம். வெறுங்கையோடு முன்னால் போகிறவளுக்கு என்ன ஆகும் என்று ஒருத்தனும் சொன்னதில்லை. அவள் உடம்பில் யார் கையும் படக் கூடாது. மரவள்ளிக் களியைக்கூட இலையில் வைத்துத் தள்ளித்தான் விடுவார்கள். இரண்டு மழைக்காலமாக அவளை ஒரு மனிதக் கை தொட்டதில்லை.

போன வாரம் இரண்டு பேர் செத்தார்கள். அன்றிலிருந்து மருந்துக்காரரின் பார்வை சரியில்லை. வரும் வியாழக்கிழமை எதிர்க்குன்றுக்காரர்களோடு மறுபடியும் சண்டை. அதில் ஒரு பிணம் விழுந்தாலும் தனக்கும் ஆற்றங்கரைதான் என்பது நபிந்துவுக்குத் தெரியும்.

இன்று திங்கள். குன்றடியில் பந்து விளையாடும் திடலில் ஒரு லாரி நின்றது. படையில் இருக்கும் பிள்ளைகளை விட்டுவிடுவதாகத் தளபதி பியமுங்கு கையெழுத்துப் போட்டிருந்தார். கூட்டிப்போக வந்திருந்த மடாம் ஃபைடா, புக்காவு நகரத்துக் குழந்தைகள் மீட்பு அமைப்பிலிருந்து வந்த குண்டுப் பெண்மணி, நோட்டோடு நின்றாள். துப்பாக்கியை ஒப்படைத்த ஒன்பது பையன்கள் வரிசையில் நின்றார்கள். ஒவ்வொருவனுக்கும் கை கொடுத்து, பெயர் கேட்டு, எழுதிக்கொண்டாள். நபிந்து டப்பாவோடு தள்ளி நின்றாள். அவள் பின்னால், சமையல்காரியின் ஏழு வயது மகள் மபெண்டோ இலைக்கட்டைப் பிடித்துக்கொண்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணு யாரு?" என்றாள் மடாம்.

"அதுவா? தண்ணி தூக்குற புள்ள," என்று சிரித்தார் தளபதி. "துப்பாக்கிய கண்ணால பாத்ததோட சரி. சோல்ஜர கேட்டீங்க, சோல்ஜர குடுத்துட்டேன். தண்ணி தூக்குறதெல்லாம் சோல்ஜர்னா எங்க ஊர்க் கழுதையையும் எழுதிக்கோங்க மடாம்."

ஆட்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மடாம் சிரிக்கவில்லை.

"எங்க பேப்பர்ல துப்பாக்கி மட்டும் இல்ல தளபதி. சமைக்கிற புள்ள, மூட்ட தூக்குற புள்ள, எல்லாம் கணக்குத்தான்."

"அது வீட்டுப் புள்ள மடாம். வீட்டு வேலைக்குமா கணக்கு?"

மடாம் நேரே நபிந்துவிடம் வந்தாள். எல்லோருக்கும் நீட்டியது போலவே கையை நீட்டினாள்.

"ஜாம்போ, கண்ணு. உன் பேரு என்ன?"

சிரிப்பு சட்டென்று நின்றது. முப்பது ஆண்பிள்ளைகள், தோளில் துப்பாக்கியோடு, ஓர் அடி பின்னால் போனார்கள்.

"தொடாதீங்க!" முகிஷோ என்ற ஆள் அலறினான். "ஐயோ, தொடாதீங்க மடாம்! வியாழக்கிழம சண்டை இருக்கு!"

"வாய மூடுடா!" என்றார் தளபதி. அதற்குள் சொல்லியாகிவிட்டது.

மடாம் மெல்லத் திரும்பினாள். "வீட்டுக்குத் தண்ணி தூக்குற புள்ளைய தொட்டா, உங்க சண்டைக்கு என்ன தளபதி?"

நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. நபிந்து அதையே பார்த்தாள். அதைப் பிடித்த பிறகும் தளபதி அவளை விடாமல் போனால், வியாழக்கிழமை வரைகூட வைத்திருக்க மாட்டார்கள். பிடிக்காவிட்டால் லாரி போய்விடும். மருந்துக்காரர் கூட்டத்துக்குள்ளிருந்து தலையை ஆட்டினார், வேண்டாம் என்று. நபிந்து டப்பாவைத் தரையில் வைத்தாள்.

கையைப் பிடித்தாள்.

மடாமின் கை சூடாக, வியர்வையாக இருந்தது. அவ்வளவு சாதாரணமான கைக்கா இத்தனை பயம் என்று அழுகை வந்தது. "நபிந்து," என்றாள். "சண்டைக்கு முன்னால நான்தான் தெளிப்பேன். முன்னால நடப்பேன்."

தளபதி இரண்டடி எடுத்து வைத்தார். அவரை நிறுத்தியது பேப்பர் இல்லை, முகிஷோதான்.

"வேண்டாம் தலைவரே, கெட்டுப்போச்சு. இனி இத இங்க வெச்சா நாமதான் சாவோம். போய்த் தொலையட்டும்."

ஆமாம் ஆமாம் என்றார்கள் மற்றவர்கள். தளபதி காறித் துப்பிவிட்டு நகர்ந்துகொண்டார். நோட்டில் பத்தாவது பெயர் ஏறியது. மடாமே நபிந்துவைத் தூக்கி லாரியில் ஏற்றினாள். பையன்கள் இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள். அவர்களுக்கும் அவளைத் தொடப் பயம்தான்.

மடாம் முன் இருக்கையில் ஏறினாள். லாரி உறுமியது. நபிந்து திடலைத் திரும்பிப் பார்த்தாள்.

மருந்துக்காரர் குனிந்து மஞ்சள் டப்பாவை எடுத்தார். இடுப்புத் துணியால் துடைத்தார். பிறகு அதைத் தரையில் வைத்து, குழந்தை மேல் கை பட்டுவிடாமல், காலால் மபெண்டோவின் முன்னால் தள்ளினார். அந்தக் குழந்தை பெருமையோடு அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டது.

நபிந்து லாரியின் முன்பக்கத் தகரத்தை முஷ்டியால் அடித்தாள். லாரி நகர ஆரம்பித்திருந்தது.

"நிறுத்துங்க! மடாம், இறங்குங்க! அவளையும் தொடுங்க! ஓடிப் போய் அவளையும் தொடுங்க!"