கமா அக்காவின் மூன்று நிமிடம்

எங்கள் நகராட்சிக் கூட்ட அரங்கில் ஒரு பெண்ணின் குரல் பதினைந்து ஆண்டுகள் தங்கியிருந்தது. மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, சரியாக நான்கு மணி பத்து நிமிடத்துக்கு, மேற்கு ஜன்னலுக்கும் மைக்குக்கும் நடுவே ஓர் ஆள் உயரத்தில் அது பேசத் தொடங்கும். நான்கு பதின்மூன்றுக்கு முடித்துக்கொள்ளும். அந்தப் பதினைந்து ஆண்டும் குரலுக்குச் சொந்தக்காரி வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

சொந்தக்காரி நகராட்சி அச்சகத்தில் பிழை திருத்தும் அறையில் வேலை பார்த்தவள். அந்த அறையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்காருவார்கள். ஒருவர் மூலப் பிரதியைச் சத்தமாக வாசிக்க, மற்றவர் அச்சடித்த தாளில் விரல் வைத்துக்கொண்டே வருவார். வாசிப்பவர் எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது, கமா, முற்றுப்புள்ளி, அடைப்புக்குறி எல்லாவற்றையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இருபது வயதில் வாசிக்க உட்கார்ந்தவளுக்கு அது வாயோடு ஒட்டிக்கொண்டது. கடையில் போய் "அரைக் கிலோ சர்க்கரை கமா ஒரு சோப்பு முற்றுப்புள்ளி" என்று கேட்பாள். கடைக்காரர் சிரிக்காமல் எடுத்துக் கொடுப்பார். ஊரே அவளைக் கமா அக்கா என்றுதான் கூப்பிட்டது. வாசிப்பு அறைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. படிவங்களின் கீழ்ப்பகுதியை அவர்கள் வாசிக்க மாட்டார்கள். இடம், தேதி, கையொப்பம் என்று எல்லாப் படிவத்துக்கும் கீழே வருவது ஒன்றுதானே என்று அச்சுக் கோப்பவர் அதை ஒருமுறை கோத்து அப்படியே கட்டி வைத்திருப்பார், தேவைப்படும்போது எடுத்துப் பொருத்திவிடுவார். நூறு தடவை வாசித்ததை நூற்றியோராவது தடவை எவன் வாசிப்பான்? கமா அக்காவும் கீழ்ப்பகுதி வந்ததும் "மற்றவை வழக்கம்போல்" என்று சொல்லித் தாளைத் திருப்பிவிடுவாள்.

நகராட்சி மருத்துவமனையின் படிவம் பதினான்கு அப்படித்தான் அச்சாகி வந்தது. கருக்கலைப்புக்கும் கருத்தடை அறுவை சிகிச்சைக்கும் நோயாளி கையெழுத்திட வேண்டிய ஒற்றைத் தாள் அது. அடுத்த நான்கு ஆண்டுகளில் எத்தனையோ பெண்கள் அந்தத் தாளோடு வரிசையில் நின்றார்கள், சிலர் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். ஏன் திரும்பிப் போகிறார்கள் என்று ஊரில் யாரும் கேட்கவில்லை. நானும்தான் கேட்கவில்லை.

கமா அக்காவின் தங்கைக்கு ஐந்தாம் மாதத்தில் பனிக்குடம் உடைந்தது. குழந்தை பிழைக்காது, உடனே கருவை எடுக்காவிட்டால் தாய்க்குக் கிருமி ஏறிவிடும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். தங்கை நல்ல நினைவோடுதான் இருந்தாள். படிவத்தை வாங்கித் தன் பெயருக்கு நேரே கையெழுத்துப் போட்டாள். சேர்க்கைப் பிரிவு எழுத்தர், அவளும் ஒரு பெண்தான், தாளைத் திருப்பி நீட்டினாள். "உங்க கையெழுத்து சரியா இருக்கும்மா. கீழ இருக்கிறது காலியா இருக்கே" என்றாள். கீழே 'கணவரின் சம்மதக் கையொப்பம்' என்று ஒரு கோடு இருந்தது. கணவன் சரக்குக் கப்பலில் இயந்திர அறையில் இருந்தான், கப்பல் கரையிலிருந்து பத்தொன்பது நாள் தூரத்தில் இருந்தது. தங்கை காலிக் கோட்டிலும் தன் பெயரையே எழுதிக் கொடுத்தாள். அது செல்லாது என்றார்கள். வியாழக்கிழமை காலை அவள் இறந்தாள். கப்பலிலிருந்து சம்மதம் தந்தியாகச் சனிக்கிழமை வந்து சேர்ந்தது.

தங்கையின் மூன்று வயது மகளை அக்கா தன் வீட்டுக்குத் தூக்கி வந்தாள். கணவன் ஒருமுறை வந்து, கூடத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டு, மறுபடி கப்பலுக்குப் போனான். அதன்பிறகு கடிதம் வந்தது, பிறகு கடிதமும் நின்றது. தங்கையின் கைப்பையில் கிடந்த படிவத்தை எடுத்து அக்கா ஒருநாள் வாசித்தாள், இந்தத் தடவை கீழ்ப்பகுதிவரை. வாசித்துவிட்டு அச்சகத்துக்குப் போய் மூலப் பிரதியைத் தேடி எடுத்தாள். மூலத்தில் அந்தக் கோடு இல்லை. சட்டத்திலும் இல்லை. அது மின்சார மீட்டரை மனைவி பெயருக்கு மாற்றும் விண்ணப்பத்தின் கீழ்ப்பகுதி. அன்றைக்கு அச்சுக் கோப்பவர் கைக்கு அதுதான் அகப்பட்டிருக்கிறது. மூலப் பிரதியின் ஓரத்தில் 'வாசித்துச் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, கீழே தன் கையெழுத்தே இருப்பதை அக்கா பார்த்தாள். அன்று முழுக்க அவள் அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று அச்சகத்தில் சொல்வார்கள்.

பிழைதானே, எடுத்துவிடுவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் பிழை என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கோட்டின் மேல் எல்லோருக்கும் பாசம் வந்தது. இத்தனை வருடம் இருந்ததை ஏன் எடுக்க வேண்டும் என்றார் ஓர் உறுப்பினர். குடும்பம் என்றால் நாலு பேரைக் கேட்டுத்தான் செய்ய வேண்டும் என்றார் இன்னொருவர். அவர் தன் வீட்டில் எதையும் யாரையும் கேட்டுச் செய்தவர் இல்லை. முடிவில், மன்றம் தீர்மானம் போட்டால்தான் கோட்டை எடுக்க முடியும், குடிமக்கள் யாரும் மனு கொடுத்து மூன்று நிமிடம் பேசலாம் என்று செயலாளர் விதியைக் காட்டினார். விதியில் இன்னொரு வரியும் உண்டு. தீர்ப்பு ஆகும்வரை மனுதாரர் ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஆஜராக வேண்டும், ஒருமுறை தவறினாலும் மனு செத்துவிடும். அடுத்த செவ்வாய் நான்கு மணி பத்து நிமிடத்துக்குக் கமா அக்கா மைக்குக்கு முன்னால் நின்றாள். "என் தங்கைக்கு இருபத்தாறு வயது கமா எழுதப் படிக்கத் தெரிந்தவள் கமா அவள் உடம்புக்கு அவள் கையெழுத்துப் போட்டாள் முற்றுப்புள்ளி" என்று ஆரம்பித்து, அரசாணை வாசிப்பதுபோல ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்து, "அந்த வரியை வாசிக்காமல் விட்டவள் நான் முற்றுப்புள்ளி" என்று முடித்தாள். மனு ஒத்திவைக்கப்பட்டது. வீட்டுக்குப் போய்க் குழந்தையைக் கூப்பிட வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. அது அரங்கிலேயே நின்றுவிட்டது.

மறுமாதம் அது தானாகப் பேசியபோது உறுப்பினர்கள் மைக்கை அணைத்தார்கள், பிறகு பிளக்கைப் பிடுங்கினார்கள். மூன்றாம் மாதம் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். அதற்கப்புறம் கூட்டத்தையே நூலகத்து மாடிக்கு மாற்றிப் பார்த்தார்கள். குரல் நான்கு பத்துக்குப் படியேறி வந்து பேசியது, அதிலும் லேசாக மூச்சு வாங்கியது. சுகாதார அதிகாரி வந்து சோதித்து, இதனால் யாருக்கும் உடல் தீங்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். அதோடு பழகிப்போயிற்று. எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதுவும் இரண்டு வருடத்தில் பழகிப்போகும். குரல் பேசும் மூன்று நிமிடம் உறுப்பினர்களுக்கு டீ குடிக்கிற நேரமாயிற்று. "முற்றுப்புள்ளி" என்று அது கடைசியாகச் சொன்னதும் கோப்பைகளைக் கீழே வைத்துவிட்டு, மனுவை ஒத்திவைத்து, தெருவிளக்கு விஷயத்துக்குப் போவார்கள். அதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

அக்கா ஒரு கூட்டமும் தவறவில்லை. பின்வரிசையில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து, தன் குரல் பேசுவதைத் தானே கேட்டுக்கொண்டிருப்பாள். வாசிக்க முடியாதவளுக்கு வாசிப்பு அறையில் இடம் ஏது? புத்தகம் கட்டும் பிரிவுக்கு மாற்றித் தாள் மடிக்க வைத்தார்கள். கடைக்காரருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாள். தொலைபேசி அடித்தால் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு நிற்பாள், எதிர்ப்பக்கம் இரண்டு தடவை ஹலோ சொல்லிவிட்டு வைத்துவிடும். நாளடைவில் யாரும் அடிப்பதில்லை. வீட்டில் குழந்தையோடு மேசையில் தட்டிப் பேசுவாள். ஒரு தட்டு முற்றுப்புள்ளி, போதும், தூங்கு. இரண்டு தட்டு கமா, இன்னும் இருக்கிறது, சாப்பிடு. ஒருமுறை கால் முறிந்து கிடந்தபோது, பக்கத்து வீட்டுத் தையல்காரர் துணி ஏற்றும் தள்ளுவண்டியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார், அவள் ஆஜர் போட்டதும் திரும்பக் கொண்டு வந்து விட்டார். தேர்தல் வந்தால் முதல் ஆளாகப் போய் ஓட்டுப் போடுவாள். அவள் ஓட்டுப் போட்டவர்கள் தோற்றுக்கொண்டே இருந்தார்கள்.

குழந்தைக்குப் பெரியம்மாவின் குரல் கேட்க வேண்டுமானால் அரங்குக்குத்தான் போக வேண்டும். மாதம் ஒருமுறை பள்ளியிலிருந்து நேரே அங்கே போய், அக்காவின் மடியில் தலை வைத்துப் படுத்துக்கொண்டு கேட்கும். மற்ற பிள்ளைகள் கதை கேட்டுத் தூங்குவார்கள். இவள் தன் அம்மா செத்த கதையைக் கமா முற்றுப்புள்ளியோடு கேட்டு அந்த மடியில் தூங்கினாள். வேறு எதையும் சொல்ல அந்தக் குரலுக்குத் தெரியாது. எட்டாவது வருடம், தங்கையின் தாளைத் திருப்பி நீட்டிய அதே சேர்க்கைப் பிரிவு எழுத்தர், ஓய்வுபெற்ற பிறகு, ஒருநாள் வந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தாள். அதற்கப்புறம் மாதாமாதம் வந்தாள். அக்கா அவள் பக்கம் திரும்பவில்லை, எழுந்து வேறு இடத்துக்குப் போகவும் இல்லை.

பதினெட்டு வயதில் தங்கை மகளுக்கு முதல் ஓட்டு வந்தது. அந்தத் தேர்தலுக்கு முன் அவள் வீடு வீடாகப் போய், கதவைத் திறந்தவர்களிடம் அந்த மூன்று நிமிடத்தை ஒப்பித்தாள். "அரங்குல பேசுதே, அதே பேச்சா?" என்று கேட்டார்கள். "ஆமா. நீங்க டீ குடிக்காம கேளுங்க" என்றாள். எழுத்தரும் கூடவே போய், வேலையில் இருந்தவரை தான் திருப்பி அனுப்பிய பெண்களின் பட்டியலைக் காட்டினாள். இருநூற்றி ஆறு பேர். பெயர் எழுதவில்லை, தேதி மட்டும் எழுதி வைத்திருந்தாள். பல வீடுகளில் பெண்கள் அந்தத் தேதிகளில் ஒன்றைத் தொட்டுவிட்டு உள்ளே போனார்கள். புது மன்றம் ஏழுக்கு ஆறு என்று கோட்டை எடுத்தது. அன்று மாலை அக்கா வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே, "கதவச் சாத்தும்மா கமா குளிருது" என்றாள். சொன்ன பிறகுதான் இருவருக்கும் புரிந்தது. அந்தப் பெண் கதவைச் சாத்தாமல் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

பதினோரு மாதம் அந்த வீட்டில் பேச்சு ஓயவில்லை. அக்கா பாத்திரம் கழுவும்போது பேசினாள், துணி மடிக்கும்போது பேசினாள். கடைக்காரரிடம் வேண்டாததையெல்லாம் விலை கேட்டாள். அவளுக்குத் தன் குரல் கொஞ்சம் கிழடு தட்டியதுபோல் இருந்தது, ஆனாலும் பிடித்திருந்தது. பன்னிரண்டாம் மாதத்துக் கூட்டத்துக்கு முன் நிகழ்ச்சிநிரல் அச்சுக்கு வந்தது. வாசிப்பு அறைக்குத் திரும்பியிருந்த அக்கா அதைக் கடைசி வரிவரை வாசித்தாள். கடைசி வரியில், வழக்கமான பணிகளுக்குக் கீழே, படிவம் பதினான்கில் 'குடும்பத்தாரின் சம்மதக் கையொப்பம்' என்று ஒரு கோடு சேர்ப்பது என்று இருந்தது.

"நான் பேசுறேன் பெரியம்மா. எனக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சே" என்றாள் பெண். "உன் குரல் அங்க நின்னுடுச்சுன்னா?" என்று கேட்டாள் அக்கா. "நின்னா நிக்கட்டும்." "உனக்குப் பத்தொன்பது வயசு. இன்னும் எத்தனை பேர்கிட்ட எவ்வளவு பேச வேண்டியிருக்கு. எனக்குப் பேச வேண்டியவ நீ ஒருத்திதான்." அதற்கு மேல் அக்கா அவளை வாதாட விடவில்லை. கூட்டத்துக்கு ஆறு நாள் இருந்தது. அச்சகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பெண்ணை எதிரே உட்கார வைத்துக்கொண்டு, மூன்று நிமிடத்தில் இல்லாததையெல்லாம் சொன்னாள். உன் அம்மா சீட்டாட்டத்தில் ஏமாற்றுவாள். விசிலடிப்பாள், அதுவும் ஆண்களைவிடச் சத்தமாக. படம் பார்க்கப் போனால் முடிவை முன்னாலேயே சொல்லிவிடுவாள், அதுவும் தப்பாகச் சொல்லுவாள். நீ பிறந்தபோது உன் காதைப் பார்த்து, அக்காவோட காது, பாவம் இந்தப் பொண்ணு என்றாள். ஆறாம் நாள் சொல்ல எதுவும் மிச்சமில்லாமல், பெண்ணின் பெயரை மட்டும் பத்துப் பதினைந்து தடவை சும்மா கூப்பிட்டாள். பெண் ஒவ்வொரு தடவையும் "ம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை நான்கு மணி பத்து நிமிடத்துக்கு அக்கா மைக்குக்கு முன்னால் நின்று பேசினாள். "இந்தத் தீர்மானத்தைக் கடைசி வரிவரை வாசித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன் முற்றுப்புள்ளி" என்று முடித்தாள். தீர்மானம் ஒத்திவைக்கப்பட்டது. அவள் திரும்பி வந்து உட்கார்ந்து, பெண்ணின் முழங்காலில் இரண்டு தடவை தட்டினாள்.

தீர்மானம் இன்னும் நிலுவையில்தான் இருக்கிறது, கோடு இன்னும் படிவத்தில் ஏறவில்லை. பெண் வேறு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். ஞாயிறு காலை தொலைபேசி செய்து ஒரு வாரக் கதையையும் சொல்லுவாள், இந்தப் பக்கத்திலிருந்து தட்டல் மட்டும் கேட்கும், பெரும்பாலும் இரண்டு. முதல் செவ்வாய்க்கு லீவு போட்டுவிட்டு வந்து பெரியம்மாவுக்கு ஒரு பக்கம் உட்காருவாள். எழுத்தர் இப்போது இரண்டு நாற்காலி தள்ளி உட்காருவதில்லை. செயலாளர் வருகைப் பதிவில் 'மனுதாரர் ஆஜர், குரல் ஆஜர்' என்று எழுதுகிறார். போன மாதம் டீ கொண்டுவரப் புதிதாக ஒருவர் சேர்ந்தார். சரியாக நான்கு பத்துக்குத் தட்டோடு உள்ளே வந்தவர், ஆளில்லாத இடத்திலிருந்து பேச்சு வருவதைப் பார்த்துத் திகைத்து நின்றார். வாசலில் இருந்த காவலாளி அவர் கையைப் பிடித்து நிறுத்தி, "அது நம்ம கமா அக்கா. மூணு நிமிஷம் பொறுங்க, டீ அப்புறம் கொடுக்கலாம்" என்றார்.