அஞ்சு மணி நேரக் கறி

சனிக்கிழமை சாயங்காலம். மில்லர்புரம் சாப்பாட்டுக் கடையில் நிற்க இடமில்லை. சுடலைச்செல்வி உள்ளே அடுப்படியில் நின்று, ஐந்து மணி நேரம் சிறுதீயில் வெந்த மாட்டுக்கறியை இரண்டு முள்கரண்டிகளால் நார் நாராகப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் வாசலில் இருந்து அவள் புருஷன் தாணுலிங்கத்தின் குரல் கேட்டது.

"முழுக்க முழுக்க என் கண்டுபிடிப்பு தம்பி. கப்பல்ல மெக்சிகோ போனப்போ பிடிச்சேன். நம்ம ஊரு நாக்குக்கு ஏத்தாப்ல மாத்தினேன். வீட்டுக்காரி சும்மா கூடமாட ஒத்தாசை பண்ணுதா, அவ்வளவுதான்."

எதிரே அனிஷ் கேமராவைப் பிடித்து நின்றான். ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் படம்பிடித்து யூடியூபில் போடுகிறவன்.

சுடலைச்செல்வியின் கை நின்றுவிட்டது.

தாணுலிங்கம் சரக்குக் கப்பலில் சமையல்காரன். ஒன்பது மாதம் கடலில் இருந்துவிட்டு, போன புதன்கிழமைதான் வீடு வந்திருந்தான். போன வருஷம் மெக்சிகோவில் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்து இரண்டு நிமிஷ வீடியோ அனுப்பினான். எண்ணெயில் பொரித்த உருளைக்கிழங்குத் துண்டுகளுக்கு மேல் பிய்த்த மாட்டுக்கறியும் சீஸும் ஊற்றித் தருகிற தெருக்கடை. 'இதை நம்ம ஊர்ல போட்டா பிச்சுக்கிட்டுப் போகும்ளா' என்று கீழே ஒரு வரி. அவன் செய்தது அவ்வளவுதான்.

மிச்சமெல்லாம் அவள் பாடு. அந்த ஊர் மிளகாய் இங்கே கிடைக்காது. முதல் சட்டியில் மிளகாயை வறுக்கும்போது கருகவிட்டாள். கறி வாயில் வைக்க முடியாமல் கசந்தது. அடுத்ததில் காரம் தலைக்கு ஏறியது. ஆறாவது சட்டியில்தான், நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய், உறைப்புக்கு ரெண்டே குண்டு மிளகாய், துளி கருப்பட்டி என்று அளவு பிடிபட்டது. கெண்டைக்கால் கறிதான் சரிவரும் என்று கறிக்கடை பாயிடம் நாலு தடவை போய்த் தெரிந்துகொண்டாள். கிழங்கை வெட்டி ஐஸ் தண்ணீரில் ஊறப்போட்டு, ரெண்டு தடவை பொரித்தால்தான் சாறு ஊற்றினாலும் நமுத்துப்போகாது என்று தெரிவதற்குள் ஒரு மூட்டைக் கிழங்கு வீணானது.

அதுகூடப் பரவாயில்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பத்து மருமகள் மாட்டுக்கறி வேகவைக்கிறாள் என்று தெரிந்ததும் மாமியார் சண்முகத்தாய் ஆட்டோ பிடித்து வந்தாள். கொதிக்கிற சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கி, தெருவில் கவிழ்த்துவிட்டுப் போனாள். அதன் பிறகு நாத்தனார் பிள்ளையின் காதுகுத்துக்குக்கூட அழைப்பில்லை.

அன்றைக்கு அழுதுகொண்டே கப்பலுக்குப் போன் போட்டாள். அவன் சொன்னது ஒவ்வொரு சொல்லாக நினைவிருந்தது. "அம்மா எனக்கும் போன் போட்டா. எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை, அவளா இழுத்துப் போட்டதுன்னு சொல்லிட்டேன். நீயும் என் பேரை இழுக்காத."

இப்போது வாசலில் நின்று கண்டுபிடிப்பாம்.

"அக்கா, எண்ணெய் காஞ்சிட்டு," என்றாள் கிழங்கு பொரிக்கிற செல்வராணி.

"அடுப்பை அணை."

கையைத் துடைத்தாள். போனை எடுத்து, பல மாதமாகத் தொடாத எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டபடியே வாசலுக்கு நடந்தாள்.

"அத்தை, நான் சுடலைச்செல்வி. உங்க மவன் உங்கட்ட ஒண்ணு சொல்லணுமாம்." போனைப் புருஷன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இப்ப கேமராவுல என்ன சொன்னிய? அதை அப்படியே உங்க அம்மாட்ட சொல்லுங்க."

தாணுலிங்கத்தின் முகம் வெளுத்தது. "கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? போனை வைளா."

"ஏலே, என்ன சத்தம் அங்கன? அந்தச் சனியன் பிடிச்ச கடையிலயா நிக்க?" என்றது போன்.

"இல்லம்மா. சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

தட்டோடு நின்ற யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சுடலைச்செல்விக்குச் சிரிப்பு வரவில்லை. போனை அணைத்தாள்.

"சட்டியைத் தெருவுல கொட்டும்போது கறி என்னுது. கூட்டம் வந்ததும் உங்களுதா? ஏச்சு வாங்க நான், பேரு வாங்க நீங்களா? இத்தனை பேரு முன்னால ஒத்த வாக்கியம் சொல்ல நாக்கு வரலைல்லா? அப்ப அந்த நாக்கு என் கறியைப் பத்தியும் பேசக் கூடாது."

அவன் பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அனிஷ் கேமராவை இறக்கினான். "அக்கா, இதைப் போடவா, வேண்டாமா?"

"சண்டையை அழிச்சிருங்க. கறியை எடுங்க. செஞ்சவ பேரு சுடலைச்செல்வி. அதை மட்டும் தப்பில்லாம போடுங்க." குரலில் சூடு இன்னும் ஆறவில்லை. அந்தக் குரலிலேயே கேமராவைப் பார்த்துச் சொன்னாள்: "மிளகாயில விதையை எடுக்கணும். கருக விட்டா கசக்கும். குக்கர்ல போட்டு அவசரப்படுதவன் இதைச் செய்யவே வேண்டாம்." திட்டுவது போலவே இருந்தது. அந்த வீடியோவைத்தான் ஊரெல்லாம் பார்த்தது.

தாணுலிங்கம் இரண்டு நாள் சேக்காளி வீட்டில் கிடந்தான். செவ்வாய்க்கிழமை மத்தியானம் கடைக்கு வந்து நின்றான்.

"புதுக்கோட்டைக்குப் போயிட்டுத்தான் வாரேன். வீடியோ அனுப்பிக் கடை போடச் சொன்னது நான்தான்னு அம்மாட்ட சொல்லிட்டேன். அன்னைக்குப் பொய் சொன்னேன்னும் சொன்னேன்."

"அதுக்கு?"

"வாசல்லயே நிக்க வச்சு ஏசினா. தெருவே வேடிக்கை பாத்துச்சு."

"நான் மாசக்கணக்கா வாங்கினேன். உங்களுக்கு ஒரு நாள் கிடைச்சிருக்கு," என்றாள். மனதில் ஒரு மூலை குளிர்ந்தது. ஆனால் அந்த ஒரு மூலைதான். கத்தியை எடுத்து அவன் முன்னால் வைத்தாள். "கிழங்கு மூட்டை அங்கன கிடக்கு. சுண்டுவிரல் கனத்துக்கு வெட்டுங்க."

அடுத்த கப்பலுக்கு அழைப்பு வரும்வரை அவன் தினமும் கிழங்கு வெட்டினான். யாராவது இதைச் செய்கிறது யார் என்று கேட்டால், தலையைத் தூக்காமல் கத்தியால் உள்ளே காட்டினான்.

"கோவம் தணிஞ்சிட்டாக்கா?" என்று செல்வராணி ஒரு நாள் கேட்டாள்.

"இல்லை," என்றாள் சுடலைச்செல்வி. "வேலையைப் பாரு, கிழங்கு சிவக்குது."